பதினாலு வயசுக்கு வச்ச பரீட்சை

கம்யூனிஸ்ட் நாடுகளில் கிறிஸ்தவப் பிள்ளைகள் எப்படிப் படிச்சாங்கன்னு பேச ஆரம்பிச்சா, நம்ம சபைகளில் உடனே ரஷ்யா, சிறை, ஒளிச்சுக் கடத்திய பைபிள்னு கதை போகும். அதெல்லாம் நடந்ததுதான். ஆனா என்னை அதைவிட உறுத்துறது கிழக்கு ஜெர்மனி. அங்கே சர்ச்சுகளைப் பூட்டல. ஞாயித்துக்கிழமை மணி அடிச்சுது, ஆராதனை நடந்தது. கை வச்சது பள்ளிக்கூடத்தில்.

நமக்கு ரொம்ப தூரத்து ஊர்க்கதையும் இல்லீங்க இது. தரங்கம்பாடி சீகன்பால்கு பிறந்த புல்ஸ்நிட்ஸ், அவர் படிச்ச ஹாலே, பின்னாடி தமிழ் லுத்தரன் சபைக்கு மிஷனரிகளை அனுப்பின லைப்சிக், இந்த மூணு ஊருமே 1949-ல் உருவான அந்த நாட்டுக்குள்ளேதான் போச்சு.

வேதபாடத்தை 1946-லேயே பள்ளியிலிருந்து எடுத்துட்டாங்க, சபைகள் தனியா நடத்திக்கலாம்னு விட்டுட்டாங்க. இதில் எனக்குப் புகார் கிடையாது. வீட்டிலும் ஞாயிறு பள்ளியிலும் சொல்லித்தர வேண்டியதை அரசாங்க வாத்தியார்கிட்ட ஏன் எதிர்பார்க்கணும்? ஆனா 1953-ன் ஆரம்பத்தில் 'இளம் சபை' என்ற சர்ச் வாலிபர் கூட்டங்களை அமெரிக்க உளவு வேலைன்னு முத்திரை குத்தினாங்க. ஏறத்தாழ 3,000 மாணவர்களைப் பள்ளியை விட்டு நீக்கினாங்க. ஸ்டாலின் செத்து மூணு மாசத்தில் மாஸ்கோவே போதும்னு சொல்ல, ஜூன் 10-ஆம் தேதி அரசு பின்வாங்கியது. நீக்கின பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கிட்டாங்க.

அடிச்சுப் பார்த்தது பலிக்கல. அடுத்து வந்ததுதான் கெட்டிக்காரத்தனம். ஜெர்மனியில் பதினாலு வயசு வாக்கில் சர்ச்சில் திடப்படுத்தல் நடக்கும். அதே வயசுக்கு, அதே வசந்தகாலத்தில், 1955-லிருந்து அரசு ஒரு சடங்கு நடத்தியது. பேர் 'யூகெண்ட்வைஹே', இளைஞர் அர்ப்பணிப்புன்னு வச்சுக்கலாம். புதுத்துணி, பூங்கொத்து, குடும்ப விருந்து எல்லாம் உண்டு. மேடையேறி உறுதிமொழி எடுக்கணும், 1958-க்கு அப்புறம் அது சோசலிசத்துக்கான உறுதிமொழி. பைபிளுக்குப் பதிலா 'அண்டம், பூமி, மனிதன்' என்ற அறிவியல் புத்தகம் பரிசு. (புத்தகம் நல்லா கனமா இருக்கும், பைபிள் கணக்காவே!)

கட்டாயம்னு சட்டம் எதுவும் கிடையாது. ஆனா காலேஜுக்குப் போக வேணும்னா அதுக்கு முந்தின மேல்நிலைப் பள்ளியில் இடம் வேணும், அந்த இடங்களோ குறைவு. யாருக்குன்னு பள்ளியும் கட்சியும் முடிவு பண்ணும். சீட்டுக்காக நம்ம வீடுகளில் என்னென்ன செய்வோம்னு யோசிச்சுப் பாருங்க. 1955-ல் ஐந்தில் ஒரு பிள்ளைகூட அந்தச் சடங்குக்குப் போகல. 1959-ல் ஐந்தில் நாலு பேர் போனாங்க.

சபை என்ன பண்ணுச்சு? ரெண்டு படகில் கால் வைக்க முடியாது, அங்கே போனால் இங்கே திடப்படுத்தல் கிடையாதுன்னுச்சு. வேதத்தின்படி சரிதான். ஆனா படிப்பா விசுவாசமான்னு ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் கேட்டது ஒரு எட்டாங்கிளாஸ் பிள்ளைகிட்ட. கடைசியில் சபைதான் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி வந்தது, பல இடங்களில் ஒரு வருஷம் தள்ளித் திடப்படுத்தல் கொடுத்தாங்க. அதைக் கோழைத்தனம்னு சொல்ல எனக்கு மனசு வரல.

எழுதாத விதி என்பதால் யாருக்கு என்ன நடக்கும்னும் தெரியாது. போதகர் மகள் அங்கேலா மெர்கல் அந்தச் சடங்குக்குப் போகல, திடப்படுத்தல் எடுத்தார். ஆனா கட்சியின் இளைஞர் அமைப்பில் இருந்தார், லைப்சிக்கில் இயற்பியல் படிச்சார். 2012-ல் ஜனாதிபதியான யோவாகிம் கவுக் அந்த அமைப்பில் சேரல, அவர் அப்பா வேற சைபீரிய முகாமுக்கு அனுப்பப்பட்டவர். ஜெர்மன் இலக்கியம் படிக்க ஆசைப்பட்டவருக்கு அது கிடைக்கல, இறையியல் படிச்சுப் போதகரானார்.

1976 ஆகஸ்ட் 18, சைட்ஸ் நகரம். ஒஸ்கார் ப்ரூசெவிட்ஸ் என்ற 47 வயசுப் போதகர், பள்ளிகளில் பிள்ளைகளை ஒடுக்குறாங்கன்னு கம்யூனிசத்தைக் குற்றம் சாட்டி எழுதின பலகைகளைக் கார் மேல வச்சுட்டு, சர்ச் வாசலில் பெட்ரோல் ஊத்திக் கொளுத்திக்கிட்டார். நாலு நாளில் இறந்துட்டார். உயிரை மாய்ப்பது பாவம்னு படிச்சு வளர்ந்தவன் நான், அவரைப் பத்தி என்ன நினைக்கணும்னு இன்னும் பிடிபடல. கட்சிப் பத்திரிகை அவரைப் புத்தி சரியில்லாதவர்னு எழுதியது. அதுக்கு வச்ச தலைப்பு, பொய்சாட்சி சொல்லாதேங்கிற பத்துக் கட்டளை வரி!

ரெண்டு வருஷத்தில், 1978-ல், ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளுக்கு ராணுவப் பாடம் வந்தது. சபை எதிர்த்தும் நடக்கல. அப்புறம் சர்ச் வாலிபர்கள் ஒரு வட்டத் துணி பேட்ச்சைச் சட்டையில் தைச்சுக்க ஆரம்பிச்சாங்க, மீகா சொன்ன மாதிரி பட்டயத்தை மண்வெட்டியா அடிக்கிற மனுஷன் படம் போட்டது. காகிதத்தில் அச்சடிக்க அரசு அனுமதி வேணும், துணியில் அச்சடிக்க வேண்டாம் என்ற ஓட்டை வழியா வந்த பேட்ச் அது. படமோ, சோவியத் யூனியனே 1959-ல் ஐ.நா.வுக்குப் பரிசா கொடுத்த சிலை! 1982-ல் அதுக்கும் தடை. ஆசிரியர்கள் கழட்டச் சொன்னாங்க, மறுத்தவங்களுக்குப் பள்ளியிலிருந்தே நீக்கிடுவோம்னு மிரட்டல். சில பசங்க பேட்ச்சை மட்டும் வெட்டி எடுத்துட்டு, கையில் அந்த வட்ட ஓட்டையோடவே சட்டையைப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போனாங்க.