மழை விட்ட பிறகு வெள்ளம் வருவது ஏன்?

மழை கொட்டும்போது வெள்ளம் வந்தால் புரிகிறது. மழை விட்டு, வானம் வெளுத்து, ஈரத்துணியை மொட்டை மாடியில் காயப்போடும் நேரத்தில் ஊருக்குள்ள தண்ணி வந்தா? தென்பெண்ணைக் கரையில் இருக்கும் சோரியாங்குப்பம் மாதிரி ஊர்களுக்கு இது புதுசு இல்லை. நம்ம தலைக்கு மேல பெய்யும் மழை வேற, ஆற்றில் வரும் மழை வேற!

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததும் ஓடிவிடவில்லை. கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. பிறகு வலுவிழந்து மேற்கே நகர்ந்து விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி என்று போய்ப் பெய்தது. பாகூர்க்காரர்கள் 'அப்பாடா' என்று மூச்சுவிட்ட நேரத்தில்தான் விஷயமே ஆரம்பம்.

காரணம், தென்பெண்ணை வரும் வழி. கர்நாடகாவின் நந்தி மலையில் பிறந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் வழியாக சுமார் 400 கி.மீ. ஓடி கடலூரில் கடலில் சேர்கிறது. புயல் மேற்கே போய்க் கொட்டிய மழையில் நிறைய இந்த ஆற்றின் வீட்டு வாசலில் விழுந்த மழை. அது மறுபடி கிழக்கே நம்மிடமே திரும்பி வரும், ஒரு நாள் லேட்டா.

டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. நியூஸில் இந்த நம்பரைக் கேட்டுட்டு கடந்து போயிடுறோம். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். கணக்குப் போட்டால் விநாடிக்கு சுமார் 47 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி தெரியும்ல? நீங்க ஒரு தடவை கண் சிமிட்டி முடிப்பதற்குள் அப்படி நூறு லாரிக்கு மேல் தண்ணீர் போயிருக்கும்.

'அணையிலேயே பிடிச்சு வெச்சிருக்கலாமே?' அரசியல் சண்டையை விடுங்க, கணக்கை மட்டும் பார்ப்போம். சாத்தனூரின் முழுக் கொள்ளளவு சுமார் 7.3 டி.எம்.சி., அதாவது 730 கோடி கன அடி. காலி அணைக்குள் அதே வேகத்தில் தண்ணீர் வந்தால்கூட 12 மணி நேரத்தில் நிரம்பி வழியும். முன்கூட்டியே கொஞ்சம் திறந்து இடம் வைத்திருந்தால் உச்சம் குறையும், மக்களுக்கு நேரம் கிடைக்கும். ஆனா அவ்வளவு பெரிய வெள்ளத்தை முழுசா விழுங்க அந்த அணையால் முடியாது.

திறந்த தண்ணீர் உடனே வந்துவிடுமா? வராது. ஆற்று வெள்ளம் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால் 100 கி.மீ. கடக்க சுமார் 14 மணி நேரம். வழியில் ஓடைகள் வேறு சேரும்.

கடைசிக் கட்டம்தான் மோசம். மேலே சரிவில் ஓடிவந்த ஆறு, பாகூர் பக்கம் வரும்போது தரை தட்டையாகிவிடும். வேகம் குறைகிறது, ஆனா பின்னால் வரும் தண்ணீர் தள்ளுகிறது. அப்போ போக ஒரே வழி, கரைக்கு மேலே. கூடவே கடலில் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஓதம் ஏறும். அந்த நேரத்தில் முகத்துவாரத்தில் கடல் மட்டம் உயர்ந்து, ஆறு வடிவது மெதுவாகும். மேலே மழை நின்றாலும் தெருவில் தண்ணீர் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே ஆற்றுத் தண்ணீர்தான் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக பாகூர் ஏரியை நிரப்புகிறது என்பதையும் சொல்லணும். வருஷம் பூரா நெல்லுக்குச் சோறு போடுற ஆறு அது.

அடுத்த புயலுக்கு நம்ம ஊர் வெதர் ஆப்பை மட்டும் பார்க்காதீங்க. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மழையைப் பாருங்க. சாத்தனூரில் எத்தனை கன அடி திறந்திருக்காங்கன்னு பாருங்க. மத்திய நீர் ஆணையத்தின் 'ஃப்ளட்வாட்ச் இந்தியா' ஆப் 2023 முதல் இருக்கிறது. ராத்திரி பெரிய நம்பர் வந்தால், காலையில் வெயில் அடித்தாலும் மாட்டை மேட்டுக்கு ஓட்டிடுங்க, பைக்கை மெயின் ரோட்டுக்குக் கொண்டு போயிடுங்க, ரேஷன் கார்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு மேலே வெச்சிடுங்க.