படத்தின் முன் தோன்றும் முத்திரை

அரசர் விடுத்த ஓலைக்கு இலச்சினை எப்படியோ, திரைப்படத்திற்கு அதன் தொடக்கத்தில் தோன்றும் நிலைய முத்திரையும் அப்படியே. இன்னார் ஆக்கியது, இன்ன ஊரில் பிறந்தது என்பதைக் கதை தொடங்குமுன் அது சொல்லிவிடுகிறது. கொம்பூதும் இரட்டைச் சிறுவரைக் கண்டதும் சென்னை ஜெமினியின் படம் என்றும், தாரை ஊதும் நங்கையைக் கண்டதும் பூனா பிரபாத்தின் படம் என்றும் அந்நாளைய மக்கள் அறிந்தனர். ஒருமுறை பிடித்த அச்சிறு துண்டை ஒவ்வொரு படத்தின் முதற் சுருளிலும் ஒட்டிவிடுவர். சில நொடிகளே ஓடும் அது, பல்லாண்டு உழைப்பில் ஈட்டிய நற்பெயரைத் தாங்கி நின்றது.

ஆயினும், முத்திரை நிலைபெற வேண்டுமானால் ஊர் நிலைபெற வேண்டும். பஞ்சாபி மொழிப் படங்களுக்கு அப்பேறு எளிதில் வாய்க்கவில்லை. கே. டி. மெஹ்ரா எடுத்த முதற் பஞ்சாபிப் பேசும்படம் பஞ்சாபில் அன்றிக் கல்கத்தாவில் உருவாயிற்று. பின்னர் லாகூரில் தல்சுக் பஞ்சோலியின் நிலையம் 1939-இல் 'குல் பகாவலி'யையும், 1940-இல் 'யம்லா ஜட்'டையும் அளித்தது. பஞ்சாபிப் படத்திற்குச் சொந்த முகவரி ஒன்று அமைந்தது.

அம்முகவரி நெடுநாள் நீடிக்கவில்லை. 1947-இல் நாடு பிரிந்தபோது பஞ்சோலியும், ரூப் கே. ஷோரியும் லாகூரைத் துறந்து பம்பாய் சேர்ந்தனர். நிலையத்தின் பெயரை உடன் கொண்டு செல்லலாம். அரங்கையும், அப்பெயரைக் கண்டு மகிழ்ந்த ஊராரையும் கொண்டு செல்ல இயலுமோ? மொழி பேசுவோர் எல்லையின் இருபுறமும் பிரிந்தனர், சந்தை சுருங்கிற்று, பம்பாய் சேர்ந்த கலைஞர் பலர் இந்திப் படங்களுக்கே உழைத்தனர். 1969-இல் வெளிவந்த 'நானக் நாம் ஜஹாஜ் ஹை' பெற்ற பெருவெற்றியே பஞ்சாபிப் படவுலகிற்குப் புதுத் தெம்பளித்தது.

இன்று கணினியில் தீட்டிய முத்திரைகள் ஒளிர்கின்றன. ரிதம் பாய்ஸ், ஹம்பிள் மோஷன் பிக்சர்ஸ், ஒயிட் ஹில் என அப்பெயர்கள் யாவும் ஆங்கிலம். இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பஞ்சாபி இந்தியாவில் குர்முகியிலும், பாகிஸ்தானில் ஷாமுகியிலும் எழுதப்படுகிறது. கனடாவிலும் பிரிட்டனிலும் வளரும் பிள்ளைகளுள் இரண்டும் படிக்கத் தெரியாதோர் பலர். எல்லார்க்கும் பொதுவான பலகை வேண்டின், அயல்மொழியே கைகொடுக்கிறது எனக் கருத இடமுண்டு.

எனினும், முத்திரை மறைந்ததும் திரையில் ஒலிப்பது பஞ்சாபியே. தாயகம் விட்டு வாழும் நமக்கும் இது தெரிந்த நிலைதான். வாயிற்பலகை அவ்வூர் எழுத்தில் இருப்பதில் குறையில்லை. கதவைத் திறந்தால் உள்ளே எம்மொழி கேட்கிறது என்பதையே நாம் கவனித்தல் வேண்டும்.