போட்டிப் பரீட்சையிற் புள்ளி கழித்தல்: ஒரு வரலாற்று நோக்கு

அரசாங்க உயர்பதவிகளுக்கு உரியோரைப் போட்டிப் பரீட்சை வாயிலாகத் தெரிந்தெடுக்கும் வழக்கம் ஆங்கில ஆட்சியில் வேரூன்றிய காலந்தொட்டே, பரீட்சார்த்தி ஈட்டிய புள்ளியில் ஒரு பகுதியை மீளக் கழிக்கும் வழக்கமும் உடன்வளர்ந்து வந்துள்ளது. இக்கால மாணாக்கர் பிழைவிடைக்குரிய தண்டம் எனக் கூறி அஞ்சும் இம்முறை, விடைத்தாளைப் பொறியால் திருத்தும் காலத்தோடு பிறந்த புதுமை என்று கருதுவாருளர். அது பொருந்தாது. இதன் பின்னே நிற்கும் ஐயம் நூற்றெழுபது ஆண்டுப் பழைமையுடையது. ஆயினும் அன்று கழிக்கப்பட்டதும் இன்று கழிக்கப்படுவதும் ஒன்றல்ல. அவ்வேறுபாட்டை உணராமையே இம்முறை பற்றிய மயக்கங்கள் பலவற்றுக்குக் காரணம் எனலாம்.

1853 ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் வரையில் கிழக்கிந்தியக் கம்பனியின் உயர்பதவிகள் பணிப்பாளர்தம் விருப்பின்படியே வழங்கப்பட்டன. அவர்தம் உறவினரும் நண்பர்தம் மைந்தருமே எயில்பரிக் கல்லூரியிற் பயின்று இந்தியாவுக்குக் கப்பலேறினர். அச்சட்டம் இவ்வுரிமையைப் பறித்துப் பதவிகளைப் பொதுப் போட்டிக்குத் திறந்துவிட்டது. போட்டியை எவ்வாறு நடத்துவது என ஆராய்ந்து கூறுமாறு 1854 இல் மெக்காலே பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஒக்ஸ்போட்டுப் பல்கலைக்கழகத்து அறிஞர் பெஞ்சமின் யோவெற்றும் அக்குழுவில் ஓர் உறுப்பினர்.

அக்குழு வகுத்த புள்ளித் திட்டம் நுணுகி நோக்கத்தக்கது. ஆங்கிலத்துக்கு 1500, கணிதத்துக்கு 1000, கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் தனித்தனி 750, இயற்கை விஞ்ஞானத்துக்கும் ஒழுக்கவியலுக்கும் தனித்தனி 500, பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலியம், சங்கதம், அரபு ஆகிய ஐந்துக்கும் தனித்தனி 375 என மொத்தம் 6875 புள்ளிகள். எப்பாடமும் கட்டாயமன்று. விரும்பியவற்றை விரும்பிய அளவில் எடுக்கலாம். இங்கேதான் இடர் தோன்றிற்று. ஒருவன் எட்டுப் பாடங்களில் நுனிப்புல் மேய்ந்து, ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாகப் புள்ளி பொறுக்கிச் சேர்த்து, இரண்டே பாடங்களில் ஆழ்ந்து கற்றவனை முந்திவிடலாமன்றோ? குழுவினர் இதனை முன்னறிந்திருந்தனர். அரைகுறையாகக் கற்ற பாடத்துக்கு ஒருவனுக்கு எவ்விதப் பயனும் கிட்டலாகாது என்றும், நுண்கணிதத்தின் அடிப்படைகளை ஐயந்திரிபற உணர்ந்தெழுதிய ஒரு விடைத்தாள் பல துறைகளிலே மேலோட்டமாக எழுதப்பட்ட இருபது விடைகளினும் மேலாக மதிக்கப்படல் வேண்டும் என்றும் அவர்கள் தம் அறிக்கையில் வற்புறுத்தினர்.

முதற் பரீட்சை 1855 இல் நடைபெற்றது. பின்னர் பரீட்சைப் பொறுப்பை ஏற்ற குடியியற் சேவை ஆணையாளர், குழுவின் கருத்தை விதியாக்கி, ஒவ்வொரு பாடத்திலும் பெற்ற புள்ளியிலிருந்து ஒரு தொகையைக் கழிக்கலாயினர். இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பாடமொன்றுக்கு 100 புள்ளி கழிக்கப்படுவதாகக் கொள்வோம். நான்கு பாடங்களில் நூறு நூறாக 400 ஈட்டியவனுக்கு எஞ்சுவது சுழி. ஒரே பாடத்தில் 400 ஈட்டியவனுக்கு 300 எஞ்சும். இங்கே கழிவு விழுந்தது பிழையான விடையின்மீதன்று, ஆழமற்ற கல்வியின்மீது. பரீட்சகர் கட்டுரையை வாசித்து, அறிவின் தரத்தை எடையிட்ட பின்னரே கழிவு வந்தது. ஊகம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. கிரேக்கச் செய்யுளை ஊகித்து மொழிபெயர்த்தல் யாரால் இயலும்?

இவ்விதியால் நுனிப்புல் மேய்தல் ஒழிந்ததா எனின், இல்லை என்றே கூறல் வேண்டும். இலண்டன் மாநகரில் ரென் முதலானோர் நடத்திய பயிற்சிக்கூடங்கள் பெருகின. விதி கடுமையாகுந்தோறும் விதியை வெல்லுங் கலையும் கூர்மையடைதல் பரீட்சை வரலாறெங்கும் காணப்படுவதே. எனினும் பொதுப் போட்டி திறந்த வாயில் சிறிதன்று. 1863 இல் சத்தியேந்திரநாத் தாகூர் இப்பரீட்சையிற் சித்தியெய்திய முதல் இந்தியரானார். இலங்கைக் குடியியற் சேவைக்கு இலண்டனில் நடந்த போட்டியில் 1875 இல் பொன்னம்பலம் அருணாசலம் தேறி, அவ்வழியால் அச்சேவை புகுந்த முதல் இலங்கையரானார்.

இனிக் கழிவின் இரண்டாம் பிறப்பை நோக்குதல் தகும். 1915 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே பிரெடெரிக் கெல்லி என்பார் வாசிப்புச் சோதனையொன்றில் பல்தேர்வு வினாவைக் கையாண்டார். சரியான விடை தாளிலேயே இருக்கும். மாணவன் அதனைச் சுட்டினாற் போதும். திருத்துதல் எளிதாயிற்று, பரீட்சகர்க்குப் பரீட்சகர் புள்ளி வேறுபடும் குறையும் நீங்கிற்று. ஆனால் புதியதொரு விருந்தாளி உள்ளே நுழைந்தான். அவன் பெயர் தற்செயல். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்கிலொரு பங்கு வெற்றி உண்டு. இதனை ஈடுசெய்யவே ஒரு சூத்திரம் வகுக்கப்பட்டது: தெரிவுகளின் தொகையில் ஒன்று குறைத்து, அவ்வெண்ணாற் பிழைகளை வகுத்து, வரும் ஈவைச் சரியான விடைகளின் தொகையிலிருந்து கழித்தல். நான்கு தெரிவாயின் மூன்றிலொரு பங்கு. ஐந்தாயின் நான்கிலொரு பங்கு.

இந்தியாவிற் கோத்தாரி குழுவின் அறிக்கையை (1976) அடியொற்றி, 1979 முதல் குடியியற் சேவைப் பரீட்சைக்கு முதனிலைத் தேர்வு ஏற்பட்டது. அதிற் பிழைவிடைக்குரிய கழிவு 2007 இல் நடைமுறைக்கு வந்தது. 2011 இல் அமைந்த வடிவில் பொது அறிவுத் தாளில் நூறு வினாக்கள், வினாவொன்றுக்கு இரண்டு புள்ளி. பிழையாயின் மூன்றிலொரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.66, கழியும். இரு விடைகளைச் சுட்டினால், அவற்றுளொன்று சரியாயினும் பிழையே. வெறுமே விட்ட வினாவுக்குக் கழிவில்லை.

கணக்கிட்டுப் பார்க்கின் இதன் இயல்பு விளங்கும். பன்னிரண்டு வினாக்களை முற்றும் அறியாது ஊகித்தவனுக்குச் சராசரியாக மூன்று சரியாகும்; ஆறு புள்ளி வரும். ஒன்பது பிழைக்கும் ஆறு புள்ளி போகும். வரவும் செலவும் ஒன்றே. ஆகவே இது தண்டனையன்று. தற்செயல் தந்ததைத் தற்செயலே திருப்பிக் கொடுத்தல். நான்கில் ஒரு தெரிவு தவறென அறிந்தவனோ நான்கு சரியும் எட்டுப் பிழையும் பெற்று இரண்டரைப் புள்ளிக்கு மேல் மிச்சம் பிடிப்பான். இரண்டு தெரிவுகளை நீக்க வல்லவன் எட்டுப் புள்ளி பெறுவான். அரைகுறை அறிவுக்குப் பயன் கிட்டலாகாது என்றார் மெக்காலே. இன்றைய கழிவோ அரைகுறை அறிவுக்கு அதன் அளவறிந்து கூலி கொடுக்கின்றது!

இதனை அறியாத மாணாக்கர் கழிவென்ற சொல்லுக்கே அஞ்சி, இரண்டு தெரிவுகளை நீக்கிய பின்னும் கைவாங்குவர். அதே அறிவுடைய துணிவாளன் சுட்டி முன்னேறுவான். அறிவை அளக்க வந்த கோல் துணிவையும் சேர்த்தளக்கின்றது. இது சிறு குறையன்று. பல இலட்சம்பேர் எழுதும் ஒரு பரீட்சையில் எல்லைக்கோட்டின் இருபுறமும் நிற்போர் ஒரு புள்ளியின் பின்னத்தாலேயே பிரிக்கப்படுகின்றனர். மேலும், சராசரி சுழி என்பதால் ஒவ்வொருவனுக்கும் சுழி என்றாகாது. பன்னிரண்டில் ஆறு சரியாகத் தொட்டவனும் உண்டு. ஒன்றும் வாய்க்காதவனும் உண்டு. பரீட்சை முடிவிற் தற்செயலின் பங்கை 1888 லும் 1890 லும் ஆராய்ந்து எழுதிய எட்ஜ்வேர்த் என்னும் புள்ளிவிபர அறிஞர், ஐயமின்றித் தேறுவோர்க்கும் ஐயமின்றித் தவறுவோர்க்கும் இடையே விதிவசப்பட்ட ஒரு கூட்டம் எப்பொழுதும் உண்டெனக் காட்டினார். கழிவு அக்கூட்டத்தைக் கலைத்துவிடவில்லை.

கழிவுக்குச் சார்பாகவும் ஒன்று சொல்லலாம். அறியாததை அறிந்ததாக எண்ணி விடை சுட்டுபவன் வாளாவிருப்பவனுக்குக் கீழே தள்ளப்படுகின்றான். ஒரு மாவட்டத்தை ஆளப்போகும் உத்தியோகத்தனுக்கு அத்தகுதிக்குறைவு பாரதூரமானதே. ஆயினும் தாளில் நிரப்பப்பட்ட வட்டம் அது திரிபுணர்ச்சியா, வெறும் ஊகமா என்பதைச் சொல்லமாட்டாது. 2011 முதற் சில ஆண்டுகள் இரண்டாந் தாளில் முடிவெடுக்குந் திறன் பற்றிய வினாக்களுக்கு மட்டும் கழிவு விலக்கப்பட்டமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அமெரிக்கக் கல்லூரிப் புகுமுகப் பரீட்சை 2016 இற் கழிவைக் கைவிட்டது. தமிழ்நாட்டின் வரலாறு வேறு திசையிற் சென்றது. அங்கு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பரீட்சைகளிற் பிழைவிடைக்குக் கழிவில்லை. எனினும் விடைத்தாள்களில் நடந்த முறைகேடுகள் 2020 இல் வெளிப்பட்டபின், வெற்றிடமாக விட்ட வட்டம் பிறர் கையால் நிரப்பப்படலாம் என்ற அச்சம் எழுந்தது. அதனால் 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாம் வட்டம் சேர்க்கப்பட்டது. எவ்வினாவையும் வெறுமே விடலாகாது. ஒவ்வொரு வகை வட்டமும் எத்தனை என்பதையும் பரீட்சார்த்தியே எண்ணிப் பதிதல் வேண்டும். டெல்லியில் மௌனத்துக்கு விலையில்லை. சென்னையில் மௌனத்தையும் எழுதிக் கொடுத்தல் வேண்டும். அவ்வாறு தெரியாது என்று உண்மை உரைத்தவன் பெறுவது சுழி. அதே வினாவைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டவனுக்கு நான்கிலொரு பங்கு வாய்ப்பு.