காற்று செத்த உலகும் காற்று மட்டும் மிஞ்சிய ஊரும்

1816 யூலையில் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்தபோது ஆங்கிலக் கவிஞர் பைரன் ‘இருள்’ என்ற கவிதையை எழுதினார். முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய படலம் வெயிலை மறைத்திருந்தது. ஐரோப்பாவுக்கு 1816இல் கோடையே வரவில்லை. அந்தக் கவிதையில் சூரியன் அணைகிறது. வெளிச்சத்துக்காக அரண்மனையையும் குடிசையையும் ஒருங்கே கொளுத்துகிறார்கள்.

இந்தக் கவிதையோடு நான் சேர்த்து வாசிப்பது இலங்கையின் புங்குடுதீவில் பிறந்த கவிஞர் சு. வில்வரத்தினத்தின் (1950–2006) ‘காற்றுவழிக் கிராமம்’ தொகுப்பை. அது 1995இல் வெளிவந்தது. உள்நாட்டு யுத்தத்தின் 1990, 1991 இராணுவ நடவடிக்கைகளில் ஊர்காவற்றுறை, புங்குடுதீவு என யாழ்ப்பாணத் தீவகத்திலிருந்து சனம் பெருமளவில் வெளியேறிய துயரம் அதற்குள் இருக்கிறது.

இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் என்னை நிறுத்துவது காற்று. பைரனின் முடிவில் காற்றும் முகிலும்கூடச் செத்துப்போகின்றன. வில்வரத்தினத்தின் ‘காற்றுக்கு வந்த சோகம்’ கவிதையிலோ ஊருக்குள் வருவதற்குக் காற்று மட்டுந்தான் மிச்சம். சோளகம், வாடை என்னும் காற்றுகளைக் கொண்டு காலத்தைக் கணித்த, பாய் விரித்த மண் இது. அங்கே காற்று அந்நியமல்ல, முற்றத்துக்கு உரித்தான ஆள். அது வழமைபோல் வருகிறது. ஆளரவம் இல்லை. சாகும் தறுவாயில் ஓர் ஆச்சி தனியே கிடக்கிறாள். பால் பருக்கவும் பக்கத்தில் இருக்கவும் எவருமில்லை.

பைரனிடம் இந்தக் காற்றுக்கு நிகராக நிற்பது ஒரு நாய். எசமானின் பிணத்தைப் பட்டினி கிடந்து காத்து, அவன் கையை நக்கியபடியே உயிர்விடுகிறது. மனிதரிடம் அந்த விசுவாசம் இல்லை. கடைசியில் எஞ்சிய இருவர் பகைவர்கள். பலிபீடத்தின் தணலை ஊதி எழுப்பிய வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டு, அந்தக் கோரத்திலேயே மடிகிறார்கள். அங்கே ஆட்கள் இருக்க உறவு செத்தது. புங்குடுதீவில் உறவு இருந்தது, ஆட்களை விரட்டிவிட்டார்கள்.

பைரனின் சூரியன் ஏன் அணைந்தது என்று கவிதை சொல்வதில்லை. குற்றவாளி என்று எவருமில்லை. தீவகத்திலோ சூரியன் நாள்தோறும் உதித்தது, பனைகள் நின்றன. ஊரை வெறுமையாக்கியது யுத்தம். அதனால்தான் பைரனின் பிரபஞ்ச இருளைவிட இந்தப் பட்டப்பகல் எனக்குப் பாரமாக இருக்கிறது.

பைரனின் உலகில் அழுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வில்வரத்தினம் காற்றை அழவிட்டார். 2001இல் வந்த தன் பெருந்தொகுப்புக்கு ‘உயிர்த்தெழும் காலத்திற்காக’ என்று பெயரும் இட்டார்.