மொன்றியலில் வீட்டுக்கடன் தரகராவது எப்படி: படிப்பு, பரீட்சை, பொறுப்பு

புலம்பெயர்ந்து வந்த எங்கள் குடும்பங்கள் பல, வாழ்நாளில் இடும் மிகப் பெரிய கையொப்பம் வீட்டுக்கடன் பத்திரத்தில் இடுவதுதான். பார்க் எக்ஸ்ரென்ஷன், கோத் தே நேஜ் வாடகை வீடுகளில் தொடங்கியவர்கள் லவால், பியர்பொண்ட்ஸ், லாசால் என்று சொந்த வீடு தேடிப் போகிறார்கள். அப்போது "எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார், கடன் எடுத்துத் தருவார்" என்ற பேச்சும் கூடவே வருகிறது. அந்த "எங்கட ஆள்" சட்டப்படி யாராக இருக்க வேண்டும்? எங்கள் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வர விரும்பினால் என்ன செய்ய வேண்டும்?

வங்கி ஊழியர் தன் வங்கியின் கடனை மட்டுமே தருவார். பல கடன் நிறுவனங்களை ஒப்பிட்டு, வாடிக்கையாளருக்குப் பொருத்தமானதைத் தேடிக் கொடுப்பவர் வீட்டுக்கடன் தரகர். கியூபெக்கில் 2020 மே 1ஆம் திகதி வரை வீடு விற்பனைத் தரகர்களின் ஒழுங்குமுறை அமைப்பே இவர்களையும் மேற்பார்வை செய்தது. அன்றிலிருந்து அப்பொறுப்பு ஏ.எம்.எஃப் எனப்படும் நிதிச் சந்தைகள் அதிகாரசபையிடம் இருக்கிறது. தொழில் ஒழுக்கத்தைக் கண்காணிக்கத் தனிச் சபை ஒன்று உண்டு.

பாதை நான்கு படிகள் கொண்டது. முதலில் அதிகாரசபை ஏற்றுக்கொண்ட படிப்பை முடிக்க வேண்டும். அடுத்து அதிகாரசபையின் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். பின்னர் அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் சில மாதப் பயிற்சிக் காலம். அதன் பிறகே சான்றிதழ். இலங்கையிலோ இந்தியாவிலோ படித்தவர்களிடம் கல்லூரி கேட்டால், கியூபெக் குடிவரவு அமைச்சு வழங்கும் கல்வி ஒப்பீட்டு மதிப்பீட்டைப் பெற்றுக்கொள்ளலாம். அது கிடைக்கக் காலம் எடுக்கும். முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது.

இத்தொழிலில் மனப்பாடம் அதிக தூரம் உதவாது. கணக்கும் சட்டமும் கைவரவேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். ஆண்டு வருமானம் 75,000 டொலர் உள்ள ஒருவர், 4.5 வீத வட்டியில், 25 ஆண்டுகளுக்கு 400,000 டொலர் கடன் கேட்கிறார். கனடாவில் நிலையான வட்டிக் கடனுக்கு ஆண்டுக்கு இருமுறை கூட்டுவட்டி கணிப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் மாதத் தவணை ஏறக்குறைய 2,214 டொலர். ஆனால் வங்கி அவரைச் சோதிப்பது 4.5 வீதத்தில் அல்ல. ஒப்பந்த வட்டியோடு 2 வீதம் கூட்டி வருவது, அல்லது 5.25 வீதம், இரண்டில் எது கூடவோ அதில்தான். எனவே 6.5 வீதத்தில் தவணை ஏறக்குறைய 2,679 டொலர் ஆகிறது. கனடா வீடமைப்புக் கூட்டுத்தாபனம் காப்புறுதி செய்யும் கடனில், தவணை, சொத்துவரி, வெப்பமூட்டும் செலவு எல்லாம் சேர்ந்து மொத்த வருமானத்தின் 39 வீதத்தைத் தாண்டக்கூடாது. இவருக்கு அது மாதம் 2,437 டொலர். ஆகவே இந்தத் தொகை கிடைக்காது. ஏன் கிடைக்காது, எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு முற்பணம் சேர்க்க வேண்டும் என்று அவருக்கு விளங்கும்படி சொல்வதே தரகரின் வேலை.

சட்டப் பகுதியில் எங்கள் பெரியவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. கனடாவின் மற்ற மாகாணங்களில் சொத்துரிமை ஆங்கிலேயப் பொதுச்சட்ட வழியில் வந்தது. கியூபெக்கில் அது குடியியல் சட்டக்கோவை வழியில் வந்தது. இங்கே வீட்டை ஈடு வைக்கும் பத்திரம் நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் செல்லும். காணி உறுதியை நொத்தாரிசு இல்லாமல் நினைத்தும் பார்க்காத யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிதல்ல. ஒரு வேறுபாடு உண்டு. தேசவழமையின் ஒற்றியில் கடன் கொடுத்தவர் காணியை அனுபவிப்பார். அதன் விளைச்சலே வட்டி. இங்கே வீடு கடன் வாங்கியவர் கையிலேயே இருக்கும். தவணை தவறினால்தான் உரிமை அசையும். குடும்பம் வசிக்கும் வீட்டை ஈடு வைக்கத் துணையின் சம்மதமும் வேண்டும்.

மொழியையும் மறக்கக்கூடாது. வங்கிகளின் அச்சடித்த ஒப்பந்தங்களை முதலில் பிரெஞ்சில் கொடுக்க வேண்டும் என்பது 2023 ஜூன் முதல் சட்டம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் பிள்ளைகளுக்கு இது பெரிய பலம். பிரெஞ்சு ஒப்பந்தத்தை வாசித்து, அம்மம்மாவுக்கும் புரியும் தமிழில் சொல்லக்கூடியவர்கள் இந்த நகரில் அதிகம் பேர் இல்லை.

ரொறன்ரோவில் உறவினர் பெற்ற அனுமதிப்பத்திரம் இங்கே செல்லாது. ஒன்ராறியோவில் வேறு ஆணையம், வேறு பரீட்சை. 2023 ஏப்ரல் முதல் முகவர்களுக்கு இரண்டு நிலைகள். அங்கே அனுமதி பெற்றவர் மொன்றியல் வீட்டுக்குக் கடன் தேடிக் கொடுக்கவேண்டுமானால் கியூபெக்கின் சான்றிதழையும் பெறவேண்டும்.

எல்லாவற்றிலும் கனமானது நேர்மை. உணவகத்திலும் துப்புரவு வேலையிலும் காசாகக் கிடைக்கும் வருமானம் வரிக் கணக்கில் வராது. "கொஞ்சம் கூட்டி எழுதுங்கோ" என்று மாமாவோ மச்சாளோ கேட்கும்போது மறுப்பது எந்தப் பரீட்சையையும் விடக் கடினம். ஆனால் பொய்க் கடிதம் ஒன்று சான்றிதழைப் பறிக்கும். குற்ற வழக்காகவும் மாறும். அதைவிட, கட்ட முடியாத தவணை வீட்டையே கொண்டுபோகும். ஒருமுறை வீடிழந்து வந்த சனத்துக்கு அந்த இழப்பின் பாரம் தெரியும்.

கடன் தேடும் குடும்பங்கள் ஒன்றைச் செய்யலாம். தரகரின் பெயர் ஏ.எம்.எஃப்பின் பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இலவசமாகப் பார்க்கலாம். பதிவுள்ளவர் மோசடி செய்தால் நட்டஈட்டு நிதியத்திடம் முறையிட வழியுண்டு. பதிவில்லாதவரிடம் கொடுத்த காசுக்கு அந்த நிதியம் பொறுப்பேற்காது.