கல்லென எண்ணப்பட்ட மனிதர்

தாமிரபரணி திருநெல்வேலியைக் கடந்து கீழ்த்திசை நோக்கிச் சென்று புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. அக்கரையில் அமைந்த காயல்பட்டினம், பழையகாயல், தூத்துக்குடி ஆகிய ஊர்கள் யாவும் 1986இல் மாவட்டம் பிரியும் வரை நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவையே. அவ்வூர்களில் கோடைச் செய்தி என்றால் அது ஒன்றே ஒன்று: “இவ்வாண்டு முத்துக்குளிப்பு உண்டா, இல்லையா?”

முத்துக்குளிப்புக்குக் கோடையே உரிய பருவம். வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று வலுக்கும் முன்னுள்ள சில வாரங்களில்தான் மன்னார் வளைகுடா அலையடங்கித் தெளிந்திருக்கும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோவும் ஏப்ரல் தொடங்கி மே மாத நடுவரை முத்துக்குளிப்பு நடைபெறும் என்றே எழுதியுள்ளார். அரபியர் இக்கடற்கரையை ‘மஃபர்’ என்றழைத்தனர். கடந்து செல்லும் துறை என்பது அச்சொல்லின் பொருள். ஹுர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த மரக்கலங்கள் காயலில் நங்கூரமிட்டன என்பதையும் அப்பயணியின் குறிப்பால் அறிகிறோம்.

இத்தொழில் அதனினும் மிகப் பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளுஸ்’ என்னும் கடற்பயண நூல், கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்தனர் என்கிறது. ஆறு கொணர்ந்த வண்டலால் கொற்கைத் துறை தூர்ந்தது; வாணிகம் காயலுக்கு நகர்ந்தது; காயலும் தூர்ந்தபின் புன்னைக்காயலும் தூத்துக்குடியும் எழுந்தன. துறைகள் இடம்பெயர்ந்தனவேயன்றி, கோடைதோறும் எழுந்த அந்த வினா இடம்பெயரவில்லை.

அவ்வினாவுக்கு விடை எளிதில் கிடைப்பதன்று. கடலடியில் உள்ள பாறைத் திட்டுகளைக் கரையோர மக்கள் ‘பார்’ என்பர். அப்பாரில் சிப்பிக் குஞ்சுகள் ஒட்டி வளர்ந்து முதிரச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் நீரோட்டம் மணலால் மூடிவிடலாம். திருக்கை மீன்கள் தின்று தீர்த்துவிடலாம். ஆகவே ஒரு முறை முத்துக்குளிப்பு நடந்தபின் அடுத்ததற்குப் பல்லாண்டு காத்திருக்க நேர்ந்ததுண்டு. ஆங்கிலேயர் காலத்தில் அதிகாரிகள் முன்னதாகவே பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளில் கிடைத்த முத்தை மதிப்பிட்டு, ஆதாயம் உண்டெனக் கண்டால் நாளும் இடமும் குறித்து அறிவிப்பு விடுத்தனர். அச்செய்தி கீழக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும், கடல் கடந்து அரபு நாட்டுக் கரைகளுக்கும் சென்றது. ஆளரவமற்ற மணல்வெளியில் சில நாட்களில் ஒரு நகரமே எழுந்தது. எதிர்க்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில் 1905ஆம் ஆண்டு நடந்த முத்துக்குளிப்பில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் மூழ்கி, எட்டுக் கோடிச் சிப்பிகளை எடுத்தனர். தமிழ் முஸ்லிம்களும் பரதவரும் அரபியரும் அங்கே ஒருங்கே உழைத்தனர்.

உழைப்பின் தன்மையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மூழ்குபவர் கனத்த கல் ஒன்றைக் காலுக்குத் துணையாகக் கொண்டு ஐந்து முதல் பத்துப் பாக ஆழம் இறங்குவார். ஒரு நிமிட அளவு மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையில் வாரிக் கயிற்றை அசைப்பார். தோணியில் கயிறு பிடித்திருப்பவர் உடனே மேலிழுக்க வேண்டும். அவருடைய விழிப்பே இவருடைய உயிர். மாலையில் சிப்பிகள் மூன்று குவியலாகப் பிரிக்கப்பட, ஒரு பங்கே மூழ்கியவர்க்கு, இரண்டு அரசுக்கு.

டச்சுக்காரர் காலத்தில் இவ்வுரிமைகள் ‘கல்’ கணக்கில் அளக்கப்பட்டன. ஒரு கல் என்றால் ஒருவர் மூழ்குவதற்கான உரிமை. மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், பட்டங்கட்டிகளுக்கு இத்தனை கல், காயல்பட்டினத்து முஸ்லிம் தலைவருக்கு இத்தனை கல் என வரியின்றி ஒதுக்கினர். கல்லைப் பற்றி இறங்கிய மனிதன் ஏட்டில் கல்லாகவே எண்ணப்பட்டான். மார்க்கோ போலோவும் காயல் மன்னனின் பெயரைக் குறித்தார். மன்னனுக்குப் பத்திலொரு பங்கு என்றும், சுறாவைக் கட்டும் மந்திரக்காரருக்கு இருபதிலொரு பங்கு என்றும் கணக்கும் குறித்தார். மூழ்கிய ஒருவரின் பெயரையேனும் அவர் குறிக்கவில்லை. வரலாறு முத்தை எண்ணியது, கல்லை எண்ணியது, மூச்சை எண்ணவில்லை.

தூத்துக்குடிக் கரையில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிப் பெரும் முத்துக்குளிப்பு. பின்னர் பார்கள் முன்போல் விளையவில்லை. 1973இல் தூத்துக்குடிப் பகுதியில் விஞ்ஞானிகள் சிப்பியை வளர்த்துச் செயற்கை முறையில் முத்து விளைவிப்பதில் வெற்றி கண்டனர். அதனைப் போற்றுகிறோம், எனினும் அந்த முத்துக்கு ஊரைத் திரட்டும் கோடை தேவையில்லை.

1961இல் இருபது வயது இளைஞராக மூழ்கியவர் இன்று எண்பதைக் கடந்த முதியவர். பார்களின் பெயர்கள், காற்றின் குறிகள், கயிற்றசைவின் மொழி யாவும் அத்தகையோர் நெஞ்சிலேயே எஞ்சியுள்ளன. கரையோர ஊர்களின் இளைஞர்கள் அவர்களை நாடிச் சென்று, சொல்வதை அவர்தம் சொற்களிலேயே எழுதிவைத்தல் வேண்டும். முதலில் எழுத வேண்டியது அவர்களுடைய பெயர்.