கார் ஏறும் மாடி வீடு

மலர்க் குழு நண்பன் ஃபோன் செய்து, "ஏதாவது எழுதுடா, ஆனா கான்க்ரீட் பத்தி வேண்டாம்" என்றான். மன்னிக்கவும் நண்பா, கான்க்ரீட் கொஞ்சம் வரும். கூடவே சந்திரபாபுவும் வருவார்.

நம் ஹாஸ்டல் நாள் விழாக்களை நினைத்துப் பாருங்கள். யாராவது ஒருவன் கோட்டு மாட்டி, முழங்காலை வளைத்து, சந்திரபாபு ஆட்டம் ஆடாமல் விழா முடியாது. எங்கள் செட்டில் அந்த ஆள் அடியேன்தான். யோடலிங் என்று நான் போட்ட சத்தத்தில் வார்டன் மேடைக்கே வந்துவிட்டார்! அந்த மனிதரின் வாழ்க்கை பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

1927-இல் தூத்துக்குடியில் பிறந்தவர். அப்பா ரோட்ரிக்ஸ் சுதந்திரப் போராட்டக்காரர், பத்திரிகை நடத்தியவர். அதனால் குடும்பமே கொழும்புக்குப் போக நேர்ந்தது. பையன் படித்தது அங்கேதான். 1943-இல் சென்னை வந்தார்கள். 1947-இல் 'தன அமராவதி'யில் தலை காட்டியும் வாய்ப்பு வரவில்லை. 1952-இல் ஜெமினி ஸ்டுடியோவில் உயிரை விடப் பார்த்து, பிழைத்து, கோர்ட் ஏறினார். அதே ஆண்டு ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு வேடம் கிடைத்தது.

அப்புறம் என்ன, அவர் கை வைக்காத துறை இல்லை. 'சின்னதுரை'யில் யோடலிங்கைக் கொண்டுவந்தார். 'பெண்' (1954) படத்தில் எஸ்.பாலசந்தருக்குக் குரல் கொடுத்தார். 'சபாஷ் மீனா'வில் (1958) இரட்டை வேடம். அதில் அந்த ரிக்‌ஷாக்காரரின் மெட்ராஸ் பாஷை இன்றைக்கும் சிரிப்பு மூட்டும். 'சகோதரி' (1959) எடுத்து முடித்த பிறகு படம் எடுபடாதோ என்று ஏவி.எம். தயங்க, பால்காரர் வேடத்தில் இவர் காமெடியைச் சேர்த்தார்கள். படம் பிழைத்தது. 1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை இயக்கி நடிக்கவும் செய்தார்.

வாய்தான் கொஞ்சம் அதிகம். பேட்டிகளில் பெரிய ஹீரோக்களையே பேர் சொல்லி விமர்சித்தார். சினிமாக்காரர்கள் முகத்துக்கு நேரே புகழ்ந்துகொண்டிருந்த காலத்தில் அது சாதாரண விஷயமில்லை.

இனி கான்க்ரீட். கேசவப்பெருமாள்புரத்தில் அவர் கட்டிய வீட்டில் கார் நேராக மாடிக்கே ஏறிப்போகும்படி பாதை வைத்தார். பார்க்கிங் சாய்தளம் போடுவது என் பிழைப்பு. அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டுக்கு ஒன்று என்று சரிவு வைத்தால், பத்தடி ஏற எண்பது அடி நீளம் வேண்டும். வளைத்துக் கொண்டு போனாலும் இடம் நிறையத் தின்னும். இன்று ஒரு கிளையன்ட் இப்படிக் கேட்டால், "சார், லிஃப்ட் வெச்சுக்கலாமே" என்றுதான் சொல்வேன். அவர் கேட்டிருக்க மாட்டார்.

அந்த வீடு அவருக்கு நிலைக்கவில்லை. எம்.ஜி.ஆர்., சாவித்திரி நடிக்க 'மாடி வீட்டு ஏழை' என்ற படத்தைத் தொடங்கினார். கால்ஷீட் கிடைக்கவில்லை. அது பற்றிப் பேசப்போய், எம்.ஜி.ஆரின் அண்ணன் சக்கரபாணியோடு தகராறு முற்றியது. சில நாள் படப்பிடிப்போடு படம் நின்றது. கடனில் வீடும் போனது. தலைப்பைப் பாருங்கள், வயிறு கலங்குகிறது.

"நுணலும் தன் வாயால் கெடும்" என்று சிலர் முடித்துவிடுவார்கள். எனக்கு முழுச் சம்மதமில்லை. 1960-இல் கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' படத்தின் நாயகன் இவர்தான். ஷூட்டிங்குக்கு அழைக்க வீட்டுக்கே போய்க் காத்திருந்தபோது, இவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டதைக் கவிஞரே எழுதியிருக்கிறார். அந்தப் படத்தில் கவிஞர் பெரும் பணம் இழந்தார். நடிகருக்காகக் காத்திருக்கும் தயாரிப்பாளரின் வேதனை பின்னால் இவருக்கே வந்தது. வாயை மட்டும் குறை சொல்வானேன்? நேரம், கணக்கு, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் என்று நாம் சைட்டில் தினமும் கத்துகிற சமாச்சாரங்களும்தான் அவரைக் கவிழ்த்தன.

இதையும் சொல்லவேண்டும். அந்தத் தகராறுக்குப் பிறகும் 'பறக்கும் பாவை', 'கண்ணன் என் காதலன்', 'அடிமைப்பெண்' என்று எம்.ஜி.ஆர். படங்களில் அவர் நடித்தார்.

1974 மார்ச் 8 அன்று காலமானார். வயது 46. சாந்தோம் பக்கம், குவிபிள் தீவுக் கல்லறையில் அடக்கம். போன மாதம் அந்த வழியாக ஒரு சைட்டுக்குப் போனபோது வண்டியை ஓரங்கட்டி, ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வந்தேன்.

தம்பிகளே, இந்த வருஷ ஹாஸ்டல் நாளில் சந்திரபாபு ஆட்டம் யார் ஆடுகிறீர்கள்? சொல்லி அனுப்புங்கள், வருகிறேன். கோட்டு என்னிடம் இன்னும் இருக்கிறது, எனக்குத்தான் பத்தவில்லை.